பால்கனி செடி சென்சார்கள் ஹோம் அசிஸ்டன்ட்ல வர்றதும் போறதுமா இருக்கு

பால்கனிவாசி:
வணக்கம். ஆறு தொட்டி, ஆறு மி ஃப்ளோரா சென்சார். வெள்ளையா, கவட்டை மாதிரி மண்ணுல குத்தி வைக்கிற ப்ளூடூத் சாமான் இருக்கே, அதுதான். வீட்டுச் சாமான்களை ஒரே இடத்துல இருந்து பார்த்து இயக்குற ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள், ராஸ்பெர்ரி பை 4ங்கிற குட்டி கம்ப்யூட்டர்ல ஓடுது. பை இருக்கிறது ஹால் டிவி ஸ்டாண்டுக்குள்ள, பால்கனிக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு சுவர்.

ஹால்ல இருக்கிற மணி பிளாண்ட் மட்டும் ஒழுங்கா ரீடிங் தருது. பால்கனி அஞ்சும் ராத்திரி கொஞ்ச நேரம் தலை காட்டும், காலையில பார்த்தா 'அன்அவெய்லபிள்'. புது சிஆர்2032 பேட்டரி போட்டாச்சு. ஹோம் அசிஸ்டன்ட்ல சென்சாருக்கான இணைப்பை (இன்டகிரேஷன்) அழிச்சுட்டு மறுபடி சேர்த்தாச்சு, ரெண்டு தடவை. ஆனா தொட்டி பக்கத்துல நின்னு போன் ஆப்பைத் திறந்தா எல்லாம் கச்சிதமா வருது!

இன்னொரு குழப்பம்: பெரணித் தொட்டியில ஈரம் 9%னு காட்டுது. விரலை விட்டா மண் சொதசொதன்னு இருக்கு. 20%க்குக் கீழ போனா பம்ப் தானா ஓடுற மாதிரி ஆட்டோமேஷன் எழுதி வச்சிருக்கேன், இன்னும் ஆன் பண்ணல.

மண்புழு:
ஆன் பண்ணாதீங்க. காரணத்தைக் கடைசியில சொல்றேன்.

முதல்ல சிக்னல். போன்ல வருதுன்னா சென்சார் நல்லாத்தான் இருக்கு, பை வரைக்கும் சத்தம் எட்டல, அவ்வளவுதான். பையில வெளி எஸ்எஸ்டி (சேமிப்பு டிஸ்க்) யுஎஸ்பி வழியா மாட்டியிருக்கீங்களா? யுஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். ப்ளூடூத் ஓடுறதும் அதே அலைவரிசைதான். போதாக்குறைக்கு டிவி ஸ்டாண்டுக்குள்ள வேற! ஈரமண்ணும் இலையும் அந்த அலையை நல்லாவே உறிஞ்சும், அதனால தொட்டியை நெருக்கி வச்சாலும் அடி வாங்கும்.

இதுக்கு பையை நகர்த்தணும்னு இல்ல. வைஃபையும் ப்ளூடூத்தும் உள்ள இஎஸ்பி32ங்கிற குட்டி போர்டு ஒண்ணு வாங்கி பால்கனி கதவோரம் பழைய போன் சார்ஜர்ல மாட்டுங்க. இந்த மாதிரி போர்டுக்கு மென்பொருள் தர்ற இஎஸ்பிஹோம் தளத்துலயே ப்ளூடூத் ப்ராக்ஸி (ப்ளூடூத் சிக்னலை வாங்கிக் கடத்துற இடையாள்) ஃபர்ம்வேர் ரெடிமேடா இருக்கு, குரோம்ல இருந்தே யுஎஸ்பி வழியா ஏத்திடலாம். அது சென்சார் சொல்றதைக் கேட்டு வைஃபை வழியா ஹோம் அசிஸ்டன்ட்டுக்குக் கடத்தும். சென்சாரை மறுபடி சேர்க்கவே வேண்டாம். போர்டு வாங்கும்போது பேரை முழுசாப் படிங்க. நான் அவசரத்துல எஸ்2ன்னு முடியுற போர்டை வாங்கிட்டு, ஒரு சாயங்காலம் முழுக்க ப்ளூடூத்தைத் தேடினேன். எஸ்2 சிப்புல ப்ளூடூத்தே கிடையாது. சாதா இஎஸ்பி32, சி3, எஸ்3 மூணுலயும் உண்டு.

போன் ஆப்பையும் மூடி வையுங்க. போன் கனெக்ட் ஆகியிருக்கிற வரைக்கும் சென்சார் மத்தவங்களுக்கு அறிவிப்பு அனுப்பாது. ப்ராக்ஸி வந்ததும் நாலு ரீடிங்கும் ஒண்ணா வரலைன்னு பதறாதீங்க. ஈரம், வெளிச்சம், வெப்பநிலை, கடத்துதிறன்னு பாக்கெட்டுக்கு ஒண்ணாத்தான் அனுப்பும். பேட்டரி அளவு அந்த அறிவிப்புல வராது, கனெக்ட் ஆகித்தான் கேட்கணும். அதனால ப்ராக்ஸியில ஆக்டிவ் கனெக்ஷன் ஆன்ல இருக்கட்டும்.

9% விஷயத்துல விரலை நம்புங்க. கவட்டையைச் சுத்திக் காத்து இடைவெளி இருந்தா அது காத்தைத்தான் அளக்கும். தென்னைநார்க் கலவையில இது ரொம்ப சகஜம். பிடுங்கி, தொட்டி ஓரத்தைவிட்டு வேற இடத்துல குத்தி, சுத்தி மண்ணை அழுத்தித் தண்ணி ஊத்துங்க.

இப்போ பம்ப். எங்க வீட்டுல பூனை ஒரு சென்சாரைப் பிடுங்கித் தரையில போட்டுடுச்சு. ஈரம் 0%. பம்ப் வாளி காலியாகுற வரைக்கும் ஓடுச்சு. நான் எழுந்து வந்து பார்த்தப்போ செம்பருத்தி குளத்துல நின்னுட்டு இருந்தது.

சால்டர்புகை:
அண்ணன் சொன்னதே சரி. பேட்டரி மாத்துற தொல்லை வேண்டாம்னா உலோகம் மண்ணைத் தொடாம ஈரத்தை அளக்கிற கெபாசிட்டிவ் சென்சாரைக் கம்பி வழியா நேரா இஎஸ்பி32ல கோர்க்கலாம். ரெண்டு முள்ளும் உலோகமாத் தெரியுற மலிவு ரகம் வேண்டாம், மின்பகுப்புல அரிச்சுப் போயிடும். அனலாக் கம்பியை 32ல இருந்து 39க்குள்ள இருக்கிற ஜிபிஐஓ பின்ல கொடுங்க, இது சாதா இஎஸ்பி32க்கு. ஏடிசி2ங்கிற இன்னொரு அனலாக் தொகுதியோட பின்ல கொடுத்தா வைஃபை ஓடும்போது படிக்க முடியாது. சென்சார் பலகையோட வெட்டு விளிம்புக்கு நகப்பாலிஷ் ரெண்டு கோட் அடிங்க, இல்லேன்னா ஈரம் அது வழியா ஏறும். காத்துல ஒரு ரீடிங், தண்ணியில ஒரு ரீடிங் எடுத்து அதை 0, 100ன்னு வச்சுக்கணும். ஈரம் கூடினா வோல்டேஜ் குறையும், தலைகீழா எழுதிடாதீங்க.

பால்கனிவாசி:
எஸ்எஸ்டி இருக்கு, அதுவும் பைக்குப் பக்கத்துலயே! இன்னைக்கு இஎஸ்பி32 ப்ராக்ஸி போட்டேன். சிக்னல் மைனஸ் 97 டிபிஎம்ல இருந்து மைனஸ் 70க்கு வந்துடுச்சு (பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர பலம் கூடும்). காலையில இருந்து அஞ்சும் ஒரு தடவைகூடக் காணாமப் போகல. பெரணி சென்சாரைப் பிடுங்கினப்போ அது தொட்டிச் சுவரை ஒட்டி, பாதி வெளியில தொங்கிட்டு இருந்தது தெரிஞ்சுது. நடுவுல குத்தினேன், 41%.

பம்புக்கு என்ன எல்லை வைக்கலாம்? கத்தாழைக்கும் பெரணிக்கும் ஒரே 20% சரியா?

மண்புழு:
சரியில்ல. ஒரே கலவையா இல்லாதப்போ ரெண்டு தொட்டியோட சதவீதத்தை ஒப்பிடவே முடியாது. ஒவ்வொரு தொட்டிக்கும் நீங்களே தண்ணி ஊத்துற அன்னைக்கு என்ன எண் காட்டுதுன்னு ரெண்டு மூணு வாரம் குறிச்சு வையுங்க, அதுதான் அந்தத் தொட்டியோட எல்லை. கத்தாழையை பம்ப்ல சேர்க்கவே வேண்டாம்.

ஆட்டோமேஷன்ல, எல்லைக்குக் கீழ மூணு மணி நேரமாவது தொடர்ந்து இருந்தாத்தான் ஓடணும். 3%க்குக் கீழயோ அன்அவெய்லபிளாவோ இருந்தா ஓடாம உங்களுக்கு மெசேஜ் வரணும். ஒரு தடவைக்கு 20 விநாடி, ஒரு நாளைக்கு ஒரு தடவை. இந்த 20 விநாடியை இஎஸ்பிஹோம்லயே, அதாவது பம்பை இயக்குற போர்டுலயே எழுதிடுங்க. பம்ப் ஓடிட்டு இருக்கும்போது வைஃபை போயிட்டா ஹோம் அசிஸ்டன்ட்டால அதை நிறுத்த முடியாது.

பால்கனிவாசி:
போர்டுல எழுதிட்டேன். வாளியில தண்ணி ஊத்தி மூணு தடவை சோதிச்சேன், 20 விநாடியில நிக்குது. முதல்ல செம்பருத்திக்கு மட்டும் விடுறேன். எங்க வீட்டுல பூனை இல்ல, ஆனா புறா வருது.