மூணு தடவை ஒட்டியும் காலையில் காற்று இல்லை, உதவி!

செக்காலை_11 (இரவு 8:12)
அவசரம். சைக்கிள் பஞ்சர். வீட்டிலேயே ஒட்டினேன். ராத்திரி அமுக்கிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கிறது, காலையில் எழுந்து பார்த்தால் ரிம் தரையைத் தொடுகிறது. மூன்று தடவை ஒட்டியாயிற்று. நாளைக்கு ஏழரைக்குக் கிளம்பியாக வேண்டும். கடைக்குப் போ என்று யாரும் சொல்ல வேண்டாம், தெருமுனையில் இருந்த பஞ்சர் கடை இப்போது செல்போன் கடை. போதாக்குறைக்கு பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனை வளவுத் தரையில், அதாவது வீட்டு நடு முற்றத்தில் கொட்டிவிட்டேன், அப்பத்தா இன்னும் திட்டி முடிக்கவில்லை. என்ன தப்பு செய்கிறேன்?

புதுவயல்_பெடல் (8:19)
முன் சக்கரமா, பின் சக்கரமா? 28 அங்குலமா, 26 கியர் வண்டியா? எதை வைத்து ஒட்டினீர்கள்? இதையெல்லாம் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

வால்டியூப்_வாசன் (8:21)
காற்றடிக்கிற மவுத்துக்குள் இருக்கிற வால்டியூப் போயிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள்.

செக்காலை_11 (8:26)
பின் சக்கரம். அண்ணனுக்குப் பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள்.

புதுவயல்_பெடல் (8:28)
எதை வைத்து ஒட்டினீர்கள் என்றும் கேட்டேன்.

ரிம்_ராஜா (8:35)
மாதம் ஒருமுறை யாராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கப் பொறுமை இல்லை. டன்லப் காற்று டயரைக் கண்டுபிடித்தது 1888. அன்றிலிருந்து டியூப் ஒட்டுவது ஒரே மாதிரிதான்: தேய், தடவு, காய விடு, ஒட்டு. இதில் மூன்று தடவை தோற்க என்ன இருக்கிறது?

கானாடுகாத்தான்_மணி (8:41)
ராஜா அண்ணே, காற்று டயருக்கு முதலில் காப்புரிமை வாங்கியது தாம்சன், 1845-ல். அவர் பெயரைச் சொல்லித்தான் டன்லப்பின் காப்புரிமை பின்னால் செல்லாமல் போனது. பழைய பதிவுகளைத் தேடிப் பாருங்கள்.

ரிம்_ராஜா (8:44)
தாம்சன் டயர் எத்தனை சைக்கிளில் ஓடியது? சொல்லுங்கள் பார்ப்போம்.

கல்லல்_காத்து (8:52)
இரண்டு பேரும் கொஞ்சம் இருங்கள். தம்பி, மூன்று ஓட்டையும் ஒரே இடமா, வேறு வேறு இடமா? டியூபின் வெளிவட்டத்திலா, ரிம் பக்கம் இருக்கிற உள்வட்டத்திலா? இதைச் சொன்னால் பாதி முடிந்தது.

செக்காலை_11 (9:03)
பக்கத்துப் பக்கத்தில்தான் அண்ணே. இரண்டு விரல்கடைக்குள் மூன்றும். வெளிப்பக்கம். ஆனால் டயருக்குள் கையை விட்டுத் தடவினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. ஒட்டியது சொல்யூஷனும் பேட்சும்தான், கடைசித் தடவை மட்டும் உடனே ஒட்டுகிற அந்தச் சின்னக் குப்பிப் பசை.

புதுவயல்_பெடல் (9:05)
அந்தப் பசையா! அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். டியூப் விரியும்போது அது விரியாது, விண்டு போகும். அதைச் சுரண்டி எடுங்கள்.

வால்டியூப்_வாசன் (9:07)
நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. மவுத்தில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் வால்டியூப்தான். உள்ளே இருக்கிற அந்தச் சின்ன ரப்பர்க் குழல் வெயிலில் இற்றுப்போகும். எனக்கு வருஷம் இரண்டு தடவை போகிறது.

கல்லல்_காத்து (9:24)
வாசன் சொன்ன எச்சில் சோதனையை முதலில் செய்யுங்கள், அரை நிமிஷ வேலை. ஆனால் எனக்கு இது முள் என்றுதான் படுகிறது. அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தார், பள்ளிக்கூடம் விட்டால் நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் உட்கார்ந்திருப்பேன். ஓட்டை உள்வட்டத்தில் இருந்தால் ஸ்போக்ஸ் கம்பி நுனி குத்துகிறது, அல்லது ரிம் மேல் போட்ட நாடா நகர்ந்துவிட்டது. இரண்டு ஓட்டை ஜோடியாக இருந்தால் டியூப் டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கியது, அல்லது ஸ்குரூ டிரைவர் கடித்தது. வெளிப்பக்கம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் குத்தினது டயரிலேயே குடியிருக்கிறது. நீங்கள் டியூபுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள், முள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

கையில் தட்டுப்படாததற்குக் காரணம், கருவேல முள் வெளியே முறிந்து நுனி மட்டும் டயர் ரப்பருக்குள் நிற்கும். டயர் சும்மா இருக்கும்போது உள்ளே பதுங்கிக்கொள்ளும். நீங்கள் ஏறி உட்கார்ந்து டயர் அமுங்கும்போதுதான் தலை நீட்டும். ஓட்டை ஊசி நுனி அளவுதான், அதனால்தான் மெதுவாக இறங்குகிறது.

டியூபில் மவுத்திலிருந்து ஓட்டை எத்தனை சாண் என்று அளந்துகொள்ளுங்கள். ரிம்மில் மவுத் ஓட்டைக்கு நேராக டயரில் அதே அளவு தள்ளிப் பாருங்கள். டியூபை எந்தப் பக்கமாகப் போட்டிருந்தீர்கள் என்று நினைவு இருக்காது, அதனால் இடமும் வலமும் இரண்டையும் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் டயரை உள்பக்கம் வெளியே வரும்படி மடக்குங்கள். ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து மெல்ல இழுங்கள். விரலுக்குத் தெரியாதது பஞ்சுக்குத் தெரியும், ஒரு இழை மாட்டி நிற்கும். அங்கே ஊசியால் உள்ளேயிருந்து வெளியே தள்ளி, அப்பத்தாவிடம் முள்வாங்கி இருந்தால் வாங்கி இழுத்துவிடுங்கள்.

மயில்_பார் (9:31)
முள்வாங்கி! எங்கள் ஆயா சாவிக்கொத்தோடு சேர்த்து இடுப்பில் செருகியிருப்பார்கள். இந்தச் சீமைக் கருவேலத்தை வெட்டச் சொல்லி 2017-லேயே மதுரைக் கிளை நீதிமன்றம் உத்தரவு போட்டது. வெட்டினார்களா என்றால் வெட்டினார்கள், தூரை விட்டுவிட்டார்கள். அடுத்த மழைக்கே தழைத்துவிட்டது.

கல்லல்_காத்து (9:40)
ஒட்டுவதிலும் ஒரு வார்த்தை. உப்புத்தாளால் தேய்க்கும்போது டியூபில் அச்சு வார்த்த கோடு ஒன்று மேடாக ஓடும், அது ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்தால் சமமாகும்வரை தேயுங்கள். இல்லாவிட்டால் பேட்சுக்கு அடியில் அந்தக் கோட்டோரமாகவே காற்று போகும். சொல்யூஷனை மெல்லிசாக, பேட்சைவிடக் கொஞ்சம் அகலமாகத் தடவிவிட்டு ஐந்து நிமிஷம் அப்படியே விடுங்கள். வாயால் ஊதாதீர்கள், மூச்சு ஈரம். புறங்கையில் தொட்டால் ஒட்டக் கூடாது, அப்போதுதான் பேட்ச். ஈரமாக இருக்கும்போதே வைப்பதுதான் எல்லோரும் செய்கிற அவசரம். வைத்ததும் கரண்டி முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள், மேலே கொஞ்சம் முகப் பவுடர் தூவுங்கள். டயருக்கு வெளியே வைத்து டியூபைப் பலூனாக ஊதிச் சோதிக்க வேண்டாம், பேட்ச் ஓரம் கிளம்பிவிடும். வடிவம் வரும் அளவுக்குக் காற்று போதும். மாட்டும்போது ஸ்குரூ டிரைவர் வேண்டவே வேண்டாம், கடைசி அரைச் சாணைக் கட்டைவிரலால் ஏற்றுங்கள்.

ஆத்தங்குடி_பூ (9:48)
பஞ்சர் கிடக்கட்டும், தரை என்ன ஆச்சு? ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் வார்த்த தரைக்கல், ஆசிட் பட்டால் அரித்துப் பூ வெளுத்துவிடும்.

ரிம்_ராஜா (9:53)
வளவில் ஆத்தங்குடிக் கல்லா? செட்டிநாட்டுப் பழைய வீடு என்றால் வளவில் பளிங்கு இருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் போகும்.

ஆத்தங்குடி_பூ (9:55)
எல்லா வீட்டுக்கும் கப்பலில் இத்தாலியப் பளிங்கு வந்து இறங்கவில்லை அண்ணே. எங்கள் வளவில் கண்ணாடியில் வார்த்த பூக்கல்தான், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தே இத்தனை வருஷப் பளபளப்பு. மண்ணெண்ணெய் ஊற்றினால் வாடை ஒரு வாரத்துக்குப் போகாது.

ரிம்_ராஜா (9:57)
தேங்காய் எண்ணெய் ரப்பரைக் கரைக்குமா? வேதியியல் தெரியாமல் பேச வேண்டாம்.

ஆத்தங்குடி_பூ (9:58)
கரைக்க வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்?

மயில்_பார் (10:02)
வளவுக்கும் முகப்புக்கும் வேறுவேறு கல் போட்ட வீடுகளும் உண்டு. சண்டை போடாமல் தம்பியை ஒரு படம் போடச் சொல்லுங்கள்.

கல்லல்_காத்து (10:06)
எதுவும் ஊற்ற வேண்டாம். சொல்யூஷன் முழுக்கக் காயட்டும். விரலால் உருட்டினால் அழிரப்பர் துகள் மாதிரி சுருண்டு வந்துவிடும். கடைத் திண்ணையில் நான் நூறு தடவை உருட்டியிருக்கிறேன். பளிங்கானாலும் பூக்கல்லானாலும் ஒன்றுதான்.

வால்டியூப்_வாசன் (10:11)
எச்சில் வைத்துப் பார்த்தாரா இல்லையா? யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

புதுவயல்_பெடல் (10:30)
ஆளையே காணோம். பஞ்சோடு மல்லுக்கட்டுகிறார் போல.

செக்காலை_11 (காலை 7:04)
எச்சில் வைத்தேன், குமிழி வரவில்லை. முள்தான். மூன்று சாண் தள்ளி இருந்தது, முதலில் தப்பான பக்கம் தேடி அரை மணி நேரம் போனது. பஞ்சு மாட்டிய இடத்தில் ஒரு அரிசி நுனி அளவுதான், கறுப்பாக. அப்பத்தாதான் முள்வாங்கியால் எடுத்தார்கள், என்னை நம்பவில்லை. காற்று நிற்கிறது. கிளம்புகிறேன், நன்றி அண்ணே.

வால்டியூப்_வாசன் (7:20)
இருந்தாலும் ஒரு வால்டியூப் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆத்தங்குடி_பூ (7:31)
தரை?

ஆத்தங்குடி_பூ (இரவு 9:15)
தம்பி, தரை என்ன ஆச்சு? பூக்கல்லா, பளிங்கா?