டொமினோவில் ஓடும் பழைய செயலிகளை ஷேர்பாயிண்டுக்குக் கொண்டுபோவது: எதிலிருந்து தொடங்கலாம்?

காரைக்குடி கணினிப்பிரிவு கேட்டது:

வணக்கம். காரைக்குடியில் ஒரு நூற்பாலை நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். தலைமை அலுவலகம் இங்கே, ஆலை தேவகோட்டை ரஸ்தா பக்கம், பஞ்சுக் கிடங்கு புதுவயலில், விற்பனை ஆபீஸ் சென்னையில். இருபது வருடத்துக்கு மேலாக எல்லாம் லோட்டஸ் நோட்ஸ் என்ற மென்பொருளில்தான் நடக்கிறது, அதன் சர்வர்தான் டொமினோ. மெயில் ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365-க்குப் போய்விட்டது, ஆனால் டொமினோ 9 சர்வரை நிறுத்த முடியவில்லை, ஏனென்றால் கொள்முதல் ஒப்புதல், கேட் பாஸ், பஞ்சு தர அறிக்கை, ஊழியர் கடன் விண்ணப்பம், தமிழ்க் கடிதப் பதிவேடு என்று நாற்பது சொச்சம் டேட்டாபேஸ் அதில் உட்கார்ந்திருக்கிறது.

முதலாளி "எல்லாத்தையும் அப்படியே ஷேர்பாயிண்டுக்கு மாத்திடுங்க" என்கிறார், அதாவது மைக்ரோசாஃப்ட் 365-இல் ஆவணங்களும் பட்டியல்களும் வைக்கும் இடத்துக்கு. ஒரு நிறுவனம் வந்து, எங்கள் டூல் படிவம் படிவமாக மாற்றிக் கொடுத்துவிடும் என்று விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. எனக்கு மூன்று இடத்தில் பயம். கடன் விண்ணப்பத்தை விண்ணப்பித்தவரும் அவர் மேலாளரும் கணக்குப் பிரிவும் மட்டுமே பார்க்க வேண்டும், நோட்ஸில் ஓர் ஆவணத்தை யார் படிக்கலாம் என்று குறிக்கும் ரீடர்ஸ் ஃபீல்டு அதைப் பார்த்துக்கொள்கிறது. புதுவயல் கிடங்கில் இன்டர்நெட் லைன் அடிக்கடி போகும், அங்கே கணினியிலேயே இருக்கும் நகலில், அதாவது லோக்கல் ரெப்ளிகாவில் எழுதி, லைன் வந்ததும் சேர்க்கிறார்கள். மூன்றாவது, கடிதப் பதிவேடு முழுக்கப் பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது. இதையெல்லாம் செய்து முடித்தவர்கள் வழி சொன்னால் பெரிய உதவி.

தேவகோட்டை அண்ணன் எழுதியது:

தம்பி, முதலில் அந்த "அப்படியே" என்ற சொல்லை முதலாளியிடம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கானாடுகாத்தானில் பெரிய வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையில் அடுக்ககத்துக்குக் குடிபோகிறவர்கள் இரண்டாம் கட்டில் கிடக்கும் அண்டா குண்டான் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றுவதில்லை. நாற்பதில் எது உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு டேட்டாபேஸின் பிராப்பர்ட்டீஸிலும் யூசர் ஆக்டிவிட்டி இருக்கிறது, அது பதிவாகிற மாதிரி வைத்திருந்தால் யார் கடைசியாக எப்போது எழுதினார்கள் என்று தெரியும். அதை மட்டும் நம்ப வேண்டாம், கணக்குப் பிரிவில் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, மார்ச் முடிவில் ஆடிட்டர் கேட்கும்போது மட்டும் திறக்கிற டேட்டாபேஸ் ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும், புள்ளிவிவரத்தில் அது செத்ததாகத் தெரியும்.

யாரும் எழுதாத, ஆனால் பார்க்க வேண்டியவற்றை பிடிஎஃப் ஆக்கி, தேதி, வாங்குபவர் அல்லது விற்பவர் பெயர், தொகை போன்ற தேடும் விவரங்களை மட்டும் தனித்தனிப் பத்தியாக வைத்து, ஒரு நூலகத்தில் படிக்க மட்டும் அனுமதி கொடுத்து வைத்துவிடுங்கள். அதற்குப் படிவம் கட்டத் தேவையில்லை. பாதிக்கு மேல் இப்படியே முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இப்போது ரீடர்ஸ் ஃபீல்டு. டூல் விற்கிறவர்கள் அதிகம் பேசாத இடம் இதுதான். ஷேர்பாயிண்டில் லிஸ்ட் என்ற அட்டவணையின் ஒரு வரிக்கு மட்டும் தனி அனுமதி கொடுக்கலாம், ஆனால் ஒரு லிஸ்டில் அப்படி 50,000 வரிகளுக்கு மேல் முடியாது, மைக்ரோசாஃப்டே 5,000-த்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. தாண்டினால் மெதுவாகும், அதைவிட, யாருக்கு எது தெரிகிறது என்று உங்களாலேயே பிறகு சொல்ல முடியாது. லிஸ்டின் அட்வான்ஸ்டு செட்டிங்கில் "தான் உருவாக்கியதை மட்டும் படிக்கலாம்" என்று ஒரு வசதி உண்டு, விண்ணப்பித்தவருக்கு அது போதும். ஆனால் மேலாளருக்கு அவர் ஆட்களுடையது மட்டும் தெரிய வேண்டும் என்றால் அது உதவாது. கடன் விண்ணப்பத்தை மட்டும் மைக்ரோசாஃப்டின் தரவுத்தளமான டேட்டாவெர்ஸில் வையுங்கள், அங்கே வரி அளவிலான பாதுகாப்பு அமைப்பிலேயே இருக்கிறது. அதற்கு, செயலித் திரைகளைக் கட்டும் பவர் ஆப்ஸின் பிரீமியம் உரிமம் தனியாக வேண்டும், அந்தச் செலவை இப்போதே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: பவர் ஆப்ஸ் திரையில் மறைத்துவிட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். லிஸ்டின் முகவரி தெரிந்தவர் நேராகத் திறந்து அடுத்தவர் கடனைப் படித்துவிடுவார். ஒருவருடைய கடன் விவரம் ஊருக்குள் கசிந்தால் அந்தக் குடும்பம் படும் பாடு உங்களுக்கே தெரியும்.

அப்புறம், லிஸ்டில் கோடிக்கணக்கில் வரிகள் தாங்கும், ஆனால் ஒரு பார்வையில் (வியூ) 5,000-ஐத் தாண்டினால் தடுக்கும். எந்தப் பத்தியில் வடிகட்டுவீர்களோ அதற்குத் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸை, தரவு ஏற்றுவதற்கு முன்பே போடுங்கள். கேட் பாஸ் மாதிரி தினமும் சேர்கிற செயலிக்கு இது முதல் நாளிலிருந்தே வேண்டும்.

பள்ளத்தூர் எழுத்துரு எழுதியது:

கடிதப் பதிவேடு பற்றி மட்டும் சொல்கிறேன். பாமினியில் அடித்தது கணினிக்குத் தமிழே இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறிகளும்தான், எழுத்துரு அதைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. அப்படியே ஷேர்பாயிண்டில் ஏற்றினால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், தேடினாலும் ஒரு பெயர் கிடைக்காது. ஆகவே ஏற்றுவதற்கு முன்பே யூனிகோடாக்க வேண்டும். மாற்றிகள் நிறைய இருக்கின்றன, ஆனால் பெரும் சிக்கல் கலப்பில் வருகிறது. ஒரே கடிதத்தில் தமிழும் ஆங்கிலமும் இருந்தால், மாற்றி ஆங்கிலத்தையும் பிடித்துத் தமிழாக்கி நாசம் செய்துவிடும். பில் எண், வண்டி எண், ஜிஎஸ்டி எண் எல்லாம் போய்விடும்.

இதற்கு நோட்ஸிலேயே வழி இருக்கிறது. ரிச் டெக்ஸ்ட் ஃபீல்டில் ஒவ்வொரு துண்டுக்கும் என்ன எழுத்துரு என்று சேமிக்கப்பட்டிருக்கும். டிஎக்ஸ்எல்லாக, அதாவது டொமினோவின் எக்ஸ்எம்எல்லாக ஏற்றுமதி செய்தால் அந்தப் பெயர் வரும், பாமினி என்று குறித்த துண்டை மட்டும் மாற்றுங்கள். சாதாரண டெக்ஸ்ட் ஃபீல்டில் எழுத்துரு ஆவணத்தில் இருக்காது, படிவத்தின் வடிவமைப்பில்தான் இருக்கும், எனவே எந்த ஃபீல்டு தமிழ் என்று படிவத்தைத் திறந்து ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருக்களில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் அடிக்கப்பட்டிருக்கும், யூனிகோடில் பின்னால் வர வேண்டும். கொ, கோ, கௌ வரும் சொற்களை வைத்து மாற்றியைச் சோதித்துப் பாருங்கள், கோ-வுக்குக் கோட்டையூர், கோவிலூர் என்று நம் பக்கத்து ஊர்ப் பெயர்களே போதும். மாற்றிய பிறகு மூல வரியை அழிக்காமல் ஒரு தனிப் பத்தியில் வையுங்கள். கடிதம் எழுதிப் பழகிய ஒருவர் உட்கார்ந்து பெயர்களை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும், அதை எந்தக் கருவியும் செய்யாது.

கோட்டையூர் வாசகர் எழுதியது:

வேறு கோணம் ஒன்று. மாற்றியே ஆக வேண்டுமா என்று யாராவது கேட்டார்களா? நோட்ஸும் டொமினோவும் ஐபிஎம்மிடம் இருந்து 2019-இல் ஹெச்சிஎல் கைக்கு வந்துவிட்டன, இன்றும் புதுப் பதிப்புகள் வருகின்றன. டொமினோ 9-க்கான ஆதரவு 2024-இல் முடிந்துவிட்டது என்பது உண்மை, ஆனால் மேல் பதிப்புக்குப் போனால் பெரும்பாலான பழைய செயலிகள் திருத்தாமலே ஓடும், ஹெச்சிஎல்லின் நோமாட் வழியாக பிரவுசரிலும் திறக்கலாம். புதுவயல் ரெப்ளிகாவும் பிழைக்கும். நன்றாக ஓடுவதை ஏன் உடைக்க வேண்டும்?

தேவகோட்டை அண்ணன் எழுதியது:

நியாயமான கேள்விதான் அண்ணே. நோட்ஸ் செயலிகளின் நிரல்மொழியான லோட்டஸ்ஸ்கிரிப்ட் தெரிந்த ஆள் கையில் இருந்தால் நானும் அதையே சொல்வேன். இங்கே அப்படி ஆள் கிடைப்பது கஷ்டம், இருப்பவர் ஓய்வுபெற்றால் கேட்பதற்கு யாருமில்லை. மெயிலும் போய்விட்ட பிறகு இரண்டு இடத்துக்கும் உரிமக் காசு கட்டுவதை முதலாளி எத்தனை வருடம் பொறுப்பார்? ஆனால் இதில் நீங்கள் சொன்னது சரி: அவசரமாக உடைக்க வேண்டாம். முதலில் டொமினோவை மேல் பதிப்புக்கு ஏற்றி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக நகர்த்தலாம்.

புதுவயல் விஷயத்தில் எனக்கும் கவலை உண்டு. பவர் ஆப்ஸில் இணைப்பு இல்லாதபோது சேவ்டேட்டா, லோட்டேட்டா என்ற கட்டளைகளைக் கொண்டு போனிலேயே வைத்துப் பிறகு அனுப்பலாம், ஆனால் இரண்டு பேர் ஒரே பதிவைத் திருத்தினால் என்ன ஆக வேண்டும் என்பதை நாமே எழுத வேண்டும். நோட்ஸ் மோதலைத் தனி ஆவணமாக எடுத்துக் காட்டும், இங்கே அந்த வசதி கிடையாது. கிடங்கில் புதிதாகப் பதிவதை மட்டும் அனுமதித்து, திருத்தத்தை ஆலையில் வைத்துக்கொண்டால் மோதலே வராது. அதோடு ஒரு சிம் இணைப்பைக் கூடுதலாகப் போட்டுக் கொடுங்கள், மென்பொருளை மாற்றுவதைவிட மலிவு.

காரைக்குடி கணினிப்பிரிவு எழுதியது:

அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. பட்டியல் எடுக்கத் தொடங்கிவிட்டேன், கேட் பாஸை முதலில் எடுக்கலாம் என்று இருக்கிறேன், மார்ச் கணக்கு முடிவு கழிந்த பிறகு. இன்னொரு சந்தேகம். கொள்முதல் ஆவணங்களுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு டாக்லிங்க் ஏராளமாக இருக்கிறது. அவையெல்லாம் என்ன ஆகும்?

பள்ளத்தூர் எழுத்துரு எழுதியது:

அப்படியே விட்டால் எல்லாம் அறுந்துபோகும். ஒவ்வொரு நோட்ஸ் ஆவணத்துக்கும் யூஎன்ஐடி என்று 32 எழுத்தில் அடையாளம் இருக்கிறது, அதை ஷேர்பாயிண்டில் தனிப் பத்தியாக ஏற்றி இண்டெக்ஸ் போடுங்கள். எல்லாம் ஏறி முடிந்த பிறகு இரண்டாவது ஓட்டமாக, டாக்லிங்கில் உள்ள யூஎன்ஐடியைத் தேடி, புது முகவரியை எழுதவேண்டும். ஒரே ஓட்டத்தில் செய்யப்பார்த்தால் இன்னும் ஏறாத ஆவணத்துக்கு முகவரி கிடைக்காது. அதே நேரம் முதலில் எழுதியவர் பெயர், எழுதிய தேதி, ஒப்புதல் கொடுத்தவர், ஒப்புதல் தேதி நான்கையும் தனிப் பத்திகளில் எடுத்து வையுங்கள். தானாக இயங்கும் பவர் ஆட்டோமேட் ஃப்ளோ வைத்து ஏற்றினால் எல்லா ஆவணத்திலும் உருவாக்கியவர் என்று உங்கள் பெயரும் ஏற்றிய தேதியும்தான் விழும், அதை ஆடிட்டர் ஏற்க மாட்டார்.

டிஎக்ஸ்எல் எடுக்கும்போது டாக்லிங்க் உள்ள ஃபீல்டுகளையும் ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள் தம்பி. ஒரு மாதிரிக் கோப்பைப் பெயர்களை மறைத்து இங்கே போட்டால் எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.