கூல் லிப் பழக்கம்: ஒன்பதாம் வகுப்புக்கு என்ன சொல்லித் தரலாம்?

கேள்வி
பாம்பன் பக்கம் உயர்நிலைப் பள்ளி. வகுப்பில் 40 பேர், பெரும்பாலும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். பையன்களிடம் கூல் லிப் (உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பாக்கெட்) பழக்கம் இருக்கிறது. பேரணி, உறுதிமொழி எல்லாம் வருஷா வருஷம் நடக்கிறது, பலன் இல்லை. இந்த வருஷம் வாரம் ஒரு பீரியட் கிடைத்திருக்கிறது. புற்றுநோய்ப் படங்களைக் காட்டலாமா?

பதில் 1 (பள்ளி ஆலோசகர்)
படம் வேண்டாம் சார். நாற்பது வயதில் வரும் நோய்க்குப் பதினாலு வயதுப் பையன் பயப்படமாட்டான். பாக்கெட்டையும் வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள், அது ஆசையைத்தான் கிளப்பும். ஐ.நா. தடுப்பு நெறிமுறைகள் சொல்வது வாரம் ஒன்றாக 10 முதல் 15 வகுப்புகள், பிள்ளைகளே பேசிப் பழகும்படி.

முதல் வகுப்பில் பெயரில்லாத சீட்டு, இரண்டே கேள்வி: "வகுப்பில் எத்தனை பேர் போடுவாங்கன்னு நினைக்கிறே?", "நீ போட்டிருக்கியா?" கையெழுத்து தெரியாதபடி எண்ணும் டிக்கும் மட்டும். ஊகம் பெரும்பாலும் நிஜத்தைவிடக் கூடுதலாகவே வரும். இரண்டையும் போர்டில் எழுதினால் "எல்லாரும் போடுறாங்க" என்ற பேச்சு அடிபடும். நிஜமே அதிகமாக இருந்தால் போர்டில் எழுதாதீர்கள்.

பிறகு மூன்று மூன்று பேராக மறுத்துப் பழகட்டும். "வலை இழுக்கிற அசதி தெரியாதுடா, ஒதட்டுல வை" என்று ஒருவன் நீட்டுவான். "வேணாம் மாமா, தலை சுத்தும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவன் வேலையைப் பார்க்கப் போக வேண்டும். மூன்றாமவன் கவனித்துச் சொல்வான். ஏற்கெனவே பழக்கம் உள்ள பையனுக்கு நீட்டுகிற வேஷம் கொடுத்துவிடாதீர்கள்.

பதில் 2 (கிராம சுகாதார செவிலியர்)
ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். உடம்பில் நிகோடின் குறைந்ததும் எரிச்சல், தலைவலி வரும்; அடுத்த பாக்கெட் போக்குவது அதைத்தான். பையனோ டென்ஷன் போகுதுன்னு நம்புகிறான். கீழுதட்டின் உள்ளே தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தாலோ, மூன்று விரல் நுழையுமளவு வாய் திறக்காவிட்டாலோ தனியாகக் கூப்பிட்டுப் பல் மருத்துவரிடம் அனுப்புங்கள். எல்லார் முன்னாலும் சோதித்தால் அப்புறம் வாயே திறக்கமாட்டான்.

போதைக்காகப் பஞ்சர் சொல்யூஷன் முகர்கிற பையனை அதட்டித் துரத்தவே கூடாது. அந்த நேரத்தில் திடுக்கிட்டு ஓடினால் இதயத் துடிப்பு தடுமாறி உயிரே போகலாம். நிதானமாக உட்கார வைத்து, காற்றோட்டம் கொடுத்து, 108-ஐ அழையுங்கள்.

பதில் 3
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை, நாட்டுப்படகு ஓடும். லீவில் பையன்கள் அதில் போவார்கள், கையில் காசு புரளும். அதனால் மார்ச்சுக்குள் வகுப்புகளை முடித்து, பள்ளி திறந்ததும் நினைவூட்டலாக இன்னும் இரண்டு வையுங்கள். பெற்றோர் கூட்டம் மீன் ஏலம் முடிந்த பிறகு.

பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. சிறுவர்களுக்குக் கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. கடைக்காரரிடம் இதைப் பள்ளி மேலாண்மைக் குழு எழுத்தில் கொடுக்கட்டும், பிள்ளைகளை அனுப்பாதீர்கள். விட நினைக்கிற பையனுக்கு 14446 (போதை மீட்பு உதவி), 14416 (மனநல உதவி) எண்களைக் கொடுங்கள். டிசி கொடுத்து அனுப்பினால் நேரே படகுக்குத்தான் போவான்.