வாந்திபேதியில் போனவருக்கு வீரமரணமா?

பழையபேப்பர்: நேத்து இங்க ஒருத்தர் "போரில் வீரமரணம் அடைந்த தாராளவாதத் தளபதி லமார்க்குக்காகப் பாரிஸே திரண்டு அழுதது"ன்னு எழுத, எல்லாரும் கைதட்டியிருக்கீங்க. ஐயா, அவர் செத்தது 1832 ஜூன் 1. காலராவில். நம்ம பாட்டிங்க பாஷையில வாந்திபேதி.

தென்னவன்: அந்த "ஒருத்தர்" நான்தான். பேர் சொல்லியே திட்டலாம், கூச்சம் வேண்டாம். நெப்போலியனோட தளபதியா 1808ல ஆங்கிலேயர்கிட்ட இருந்து இத்தாலிப் பக்கத்து காப்ரி தீவைப் பிடிச்சவர் லமார்க். அங்க தோத்த ஹட்சன் லோதான் பின்னாடி செயின்ட் ஹெலினாவுல நெப்போலியனுக்குக் காவல் இருந்தவன். இதெல்லாம் உங்க பேப்பர்ல வரலியோ?

பழையபேப்பர்: வந்துச்சு. காப்ரியிலயா செத்தார்?

முகிலன்: பரிணாமக் கொள்கை எழுதினவர்தானே இவர்?

தென்னவன்: அந்த லமார்க் வேற. 1829லயே போயாச்சு. யாருப்பா இவரை உள்ள விட்டது?

கயல்: எப்படிச் செத்தார்ங்கறதை விட்டுட்டு ஜூன் 5 ஊர்வலத்தைப் பாருங்க. சவ வண்டியை இளைஞர்களே இழுத்தாங்க. வழியை மாத்தி, நெப்போலியன் தூணைச் சுத்திக் கூட்டிட்டுப் போய், ஆஸ்டர்லிட்ஸ் பாலத்துக்கிட்ட நிறுத்தினாங்க. 1789 புரட்சிக் காலத்துத் தலைவர் லஃபாயெட் பேசினார். அப்புறம் "விடுதலை அல்லது மரணம்"னு எழுதின சிவப்புக்கொடி, கறுப்புக் கரையோட. அடுத்தது துப்பாக்கிச் சத்தம். அரசாங்கத்துக்கு எதிரா கலவரம், தெருவுல தடுப்பரண். மறுநாளே பாரிஸ் சேன் மெரி தேவாலயம் பக்கம் கடைசித் தடுப்பரணும் விழுந்துடுச்சு. ஹ்யூகோவோட 'லே மிசராப்ள' நாவல்ல வர்ற கலவரம் இதுதான். 1789 பிரெஞ்சுப் புரட்சின்னு நினைக்கறவங்க இன்னமும் இருக்காங்க.

பழையபேப்பர்: நன்றி கயல், என் கட்சிக்கே பேசிட்டீங்க. வீரமரணம் தெருவுல நின்ன பசங்களுக்கு. தளபதி பெட்டிக்குள்ள இருந்தார். காலரா.

கயல்: நான் யார் கட்சியும் இல்ல.

செந்தில்வேல்: ஒரு சந்தேகம். நெப்போலியனின் தளபதி எப்படித் தாராளவாதி ஆனார்? அந்தச் சொல்லுக்கு இங்கே என்ன பொருள்?

பழையபேப்பர்: அதை அப்புறம் பாப்போம். அப்போதைய பிரான்ஸ் பிரதமர் கசிமிர் பெரியே செத்தது அதே வருஷம் மே 16. அதே காலரா. அவரும் வீரமரணமா தென்னவன்?

தென்னவன்: அவர் அரசாங்க ஆளு. இவர் நாடாளுமன்றத்துல அந்த அரசாங்கத்தையே எதிர்த்துப் பேசினவர். போன மாசம் நீங்க போட்ட தேதியை நான் திருத்தினேன், அந்தக் கடுப்பு இன்னும் தீரலை.

பழையபேப்பர்: அது தட்டச்சுப் பிழை. இது காலரா.

செந்தில்வேல்: என் கேள்வி அப்படியே நிற்கிறது.

முகிலன்: ஒட்டகச்சிவிங்கி கழுத்து நீண்டதுன்னு சொன்னவர் இவர் இல்லையா அப்ப?

கயல்: அடக்கமும் பாரிஸ்ல இல்ல. உடலைத் தெற்கே சொந்த ஊருக்குக் கொண்டுபோகத்தான் ஊர்வலமே.

பழையபேப்பர்: தெற்கோ வடக்கோ, காலராதான்.

தென்னவன்: சரி, உங்க திருப்திக்கு மாத்திட்டேன். "வீரமரணம்" இருந்த இடத்துல "வீரரின் மரணம்". போதுமா?

பழையபேப்பர்: "போரில்" இன்னும் அங்கேயே இருக்கு.