எரிக்கும் குப்பைப் பையை வண்டி எடுக்கவில்லை, ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறது. என்ன தவறு?

கேள்வி
டோக்கியோ, எதோகாவா வார்டு, நிஷி கசாய். புதுக்குடித்தனம். எரிக்கும் குப்பைப் பையில் இருந்தவை: சமையல் கழிவு, இரண்டு பெட் (PET என்ற பிளாஸ்டிக்) பாட்டில், அப்பளம் பொரித்த எண்ணெயை ஊற்றிய பால் அட்டைப்பெட்டி, காலி ஸ்ப்ரே கேன் ஒன்று. எதை எதில் போடவேண்டும்? பழைய நாற்காலி ஒன்றையும் கழிக்கவேண்டும்.

பதில் 1
ஸ்ப்ரே கேன் ஒன்றே போதும், பையை விட்டுவிட்டுப் போக. மிச்ச வாயு இருந்தால் வண்டி அழுத்தும்போது தீப்பிடிக்கும். லித்தியம் பேட்டரியும் அப்படித்தான். கேனைத் துளையிட்டுத் தனிப் பையில் வையுங்கள். எங்கள் ஊரில் அதுதான் விதி.

பெட் பாட்டிலுக்கு மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, அலசி, நசுக்கவேண்டும். மூடியும் லேபிளும் வேறு பிளாஸ்டிக், அதனால்தான். கழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வளையத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆலையில் பொடியாக்கித் தண்ணீரில் போடும்போது பெட் மூழ்கும், வளையத்தின் பிளாஸ்டிக் மிதக்கும், தானாகப் பிரிந்துவிடும். எல்லா பாட்டிலும் பெட் அல்ல. முக்கோணத்துக்குள் 1 என்ற எண்ணைப் பாருங்கள். சோயா சாஸ் பாட்டிலில் பெரும்பாலும் இருக்கும், சமையல் எண்ணெய் பாட்டிலில் இருக்காது.

பதில் 2
துளையிடச் சொன்னதை மட்டும் திருத்திவிடுகிறேன், ஆபத்தான விஷயம். 2018 டிசம்பரில் சப்போரோவில் ஓர் அறைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்ப்ரே கேன்களை வெளியேற்றிவிட்டு, வெந்நீர் ஹீட்டரைப் பற்றவைத்ததில் கட்டடமே வெடித்தது. துளையிடாமல், முழுக்கத் தீர்த்துத் தரச் சொல்லும் ஊர்கள் இப்போது பல. காற்றோட்டமான வெளியிடத்தில், அருகே நெருப்பில்லாமல், சத்தம் நிற்கும்வரை அழுத்திக் காலிசெய்யுங்கள். எந்த நாளில், எந்தப் பையில் என்பதற்கு உங்கள் வார்டு அட்டவணைதான் கணக்கு. பக்கத்து ஊர்க்காரர் சொல்வது அவர் ஊருக்கு மட்டுமே சரி.

எண்ணெய்: பால் அட்டைப்பெட்டி நல்ல வழிதான், ஆனால் வெறுமனே ஊற்றினால் கசியும். கசக்கிய செய்தித்தாளை உள்ளே திணித்து, ஆறிய எண்ணெயை ஊற்றி, கொஞ்சம் தண்ணீரும் விட்டு, வாயை டேப்பால் ஒட்டுங்கள். தண்ணீர் எதற்கென்றால், காகிதத்தில் ஊறிய எண்ணெய் வெயில் காலத்தில் தானே சூடேறிப் புகையும். இன்னொரு வழி, கடையில் விற்கும் எண்ணெய் உறையவைக்கும் பொடி. அடுப்பை அணைத்ததும் எண்ணெய் சூடாக இருக்கும்போதே போட்டுக் கலக்கவேண்டும். ஒரு பொட்டலம் ஏறக்குறைய 600 மி.லி.க்கு. ஆறிய எண்ணெயில் போட்டால் கரையாது, உறையாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். உறைந்ததும் அடைபோல எடுத்து எரிக்கும் குப்பையில் போடலாம்.

சமையல் கழிவைப் பாத்திரம் கழுவும் தொட்டியின் வலையிலேயே பிழிந்து கட்டுங்கள். சாம்பார் மிச்சம் சொட்டும் பை கிழிந்தால், குப்பை வைக்கும் இடத்தில் பைகள் மேல் போர்த்தும் வலையைத் தூக்கிக் காகம் தெருவெல்லாம் இறைத்துவிடும். பையை முந்தின இரவு வைக்காதீர்கள். அந்தந்த நாள் காலை 8 மணிக்குள் வைத்து, அந்த வலையின் ஓரத்தைப் பைக்கு அடியில் செருகுங்கள்.

கேட்டவர்
நன்றி. ஒட்டுத்தாள் ஒட்டிய பையை அங்கேயே விட்டுவிடலாமா? நாற்காலிக்கு என்ன வழி?

பதில் 2
விடக்கூடாது. அன்றே வீட்டுக்குள் எடுத்துப் பிரித்து, உரிய நாளில் வையுங்கள். அந்த இடத்தை அக்கம்பக்கத்தார் முறைபோட்டுக் கூட்டுகிறார்கள். நீங்கள் விட்டது அவர்கள் தலையில்தான் விழும்.

பதில் 3
நாற்காலிக்கு: டோக்கியோ 23 வார்டுகளில் ஒரு பக்கம் ஏறக்குறைய 30 செ.மீ.க்கு மேல் போனால் அது 'சொதாய் கோமி', பெருங்குப்பை. முதலில் இணையத்திலோ போனிலோ பதிவுசெய்யுங்கள்; தேதி, கட்டணம், பதிவு எண் தருவார்கள். பிறகு கன்வீனியன்ஸ் ஸ்டோரில் அந்தக் கட்டணத்துக்கான ஒட்டும் சீட்டு வாங்குங்கள். ஏ சீட்டு 200 யென், பி சீட்டு 300 யென். கட்டணம் 800 என்றால் ஏ ஒன்று, பி இரண்டு. எதோகாவா சீட்டாகவே இருக்கவேண்டும், அடுத்த வார்டில் வாங்கியது செல்லாது. பெயரையோ பதிவு எண்ணையோ எழுதி, பார்த்ததும் தெரியும் இடத்தில் ஒட்டி, சொன்ன நாள் காலை 8 மணிக்குள் வெளியே வையுங்கள். மார்ச், ஏப்ரலில் வீடு மாறுவோர் கூட்டம், தேதி கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதியுங்கள்.

டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி நான்கையும் இந்த வழியில் எடுக்கமாட்டார்கள். 2001இல் நடைமுறைக்கு வந்த தனிச்சட்டப்படி, மறுசுழற்சிக் கட்டணம் கட்டி, பெரும்பாலும் கடை வழியாக அனுப்பவேண்டும்.