பார்த்தனான் தூண்களுக்குள் இரும்பு உண்டா?

கேள்வி (மாறன்):
ஏதென்ஸின் பழைய கிரேக்கப் பளிங்குக் கோயிலான பார்த்தனானில் சாந்தே பூசவில்லை என்கிறார்கள். அப்படியென்றால் 10 மீட்டருக்கு மேல் உயரமுள்ள தூணின் துண்டுகள் நகராமல் நின்றது எப்படி? இரும்புக் கவ்விகள் போட்டதாகவும் வாசித்தேன். கி.மு. 447-இல் தொடங்கிய கட்டடத்தின் இரும்பு தாங்கியிருக்க, 20-ஆம் நூற்றாண்டில் போட்ட இரும்பு ஏன் பளிங்கைப் பிளந்தது?

பதில் (கல்தளம்):
தூண் வேறு, சுவர் வேறு. தூணாக அடுக்கிய உருளைக் கற்களுக்கு இடையே கிரேக்கர்கள் இரும்பு வைக்கவில்லை, மரம்தான். ஒவ்வோர் உருளையின் நடுவிலும் சதுரக் குழி வெட்டி, அதில் மரக்கட்டையை இறுக்கி, கட்டையின் துளையில் உருண்டையான மரமுளையைச் செருகுவார்கள். மேல் உருளை மையம் பிசகாமல் உட்காரத்தான் இந்த முளை. தூணை நிறுத்துவது எடையும் உராய்வும். அடி உருளை ஒன்றே 6, 7 டன் வரும். நிலநடுக்கத்தில் உருளைகள் லேசாக ஆடி, திரும்பி, அதிர்வைத் தணித்துவிடும்.

எல்லாமே உருளைகள் ஒன்றையொன்று தொடும் பரப்பின் துல்லியத்தில் இருக்கிறது. விளிம்பையொட்டிய வளையத்தை வழவழப்பாகத் தீட்டி, உள்ளே ஒரு பகுதியைச் சற்றே தாழ்த்திச் சொரசொரப்பாக விடுவார்கள். முழுப் பரப்பையும் சமமாக்கப் பார்த்தால் நடுவில் ஒரு சிறு மேடு போதும், விளிம்பில் இடைவெளி தெரியும். மேட்டைக் கண்டுபிடிக்கும் முறை கிரேக்கத்தின் லெபடேயா ஊர் ஜீயஸ் கோயில் கல்வெட்டில், தளக்கற்களுக்கான விதியாகவே இருக்கிறது: சுத்தமான எண்ணெயில் குழைத்த சினோப் ஊர்ச் செங்காவியை மட்டப்பலகையில் பூசிக் கல்மேல் வைக்க வேண்டும். சிவப்பு ஒட்டிய இடம்தான் மேடு.

பதில் (ஈயக்கவ்வி):
இரும்பு பற்றி நான் சொல்கிறேன். சுவர்க்கற்களையும் உத்தரக் கற்களையும் பக்கவாட்டில் பிணைக்க, இரு முனையிலும் குறுக்குக் கட்டை உள்ள கவ்வி. மேல் வரிசையைக் கீழ் வரிசையோடு பிணைக்க நெட்டுக்குத்தான முளை. குழியைக் கவ்வியைவிடப் பெரிதாக வெட்டி, சுற்றிலும் உருக்கிய ஈயத்தை ஊற்றுவார்கள். ஈயம் ஈரத்தையும் காற்றையும் அடைக்கும்; மென்மையானது என்பதால் அதிர்ச்சியையும் தாங்கும்.

பொறியாளர் நிக்கோலாஸ் பலானோஸ் 1930-களின் தொடக்கம் வரை செய்த புனரமைப்பில் ஈய உறை இல்லாமல் இரும்பைப் போட்டுச் சிமெண்டால் மூடினார். சிமெண்டில் விரிசல் விழுந்தால் தண்ணீர் இறங்கும். துருவாக மாறும் இரும்பு பருத்துப் பளிங்கை உள்ளிருந்தே தள்ளும். கவ்வி பொருந்த பழைய கற்களையே அவர் வெட்டியதுதான் இன்னும் பெரிய இழப்பு.

இப்போது டைட்டானியம் போடுகிறார்கள். துருப்பிடிக்காது, வெப்பத்தில் விரியும் அளவும் பளிங்குக்கு அருகில். பெரும் அதிர்ச்சி வந்தால் கல் உடையும் முன் உலோகம் விட்டுக்கொடுக்கும்படி அதன் தடிமனைக் கணக்கிடுகிறார்கள்.

மாறன்:
தெளிவாகிவிட்டது, நன்றி. தூணின் பள்ளவரிகளை உருளைகளைத் தூக்கும் முன்பே செதுக்கினால் முனை உடையாதா?

கல்தளம்:
உடையும். அதனால்தான் உச்சியிலும் அடியிலும் சிறிதளவு மட்டும் முன்பே செதுக்கி, மீதியைத் தூண் நின்ற பிறகு செதுக்கினார்கள். பார்த்தனானின் தூண்கள் டோரிக் என்ற கிரேக்கப் பாணி; அதில் 20 வரிகள், வரிக்கும் வரிக்கும் நடுவே கூர்முனை. ஒன்று பிசகினாலும் தூண் முழுக்கத் தெரியும். சிசிலியில் செகெஸ்டா கோயில் பாதியில் நின்றுபோனதால் அதன் தூண்கள் இன்றும் வரியில்லாமல் இருக்கின்றன. படிக்கற்களில் தூக்குவதற்காக விட்ட புடைப்புகளைக்கூடப் பார்க்கலாம்.

உருளைகளை இடம் மாற்றியும் அடுக்க முடியாது. பார்த்தனான் தூண்கள் சுமார் 7 சென்டிமீட்டர் உள்நோக்கிச் சாய்ந்தவை, அவை நிற்கும் தளமும் நடுவில் உயர்ந்து வளைந்தது. அந்தச் சாய்வை அடி உருளையின் உயரத்தை ஒரு பக்கம் குறைத்தே கொண்டுவந்தார்கள். ஆகவே ஒவ்வோர் அடி உருளைக்கும் ஒரே இடம்தான்.