வெளிநாட்டுக்கு குடிபோறவங்களுக்கு: முதல் ரெண்டு மூணு வாரம் பி அண்ட் பில தங்குங்க

ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, வீட்டுக்காரருக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு, 4 வயசு குழந்தையோட கிளம்புறோம், கம்பெனி டிக்கெட் மட்டும்தான் தருது, தங்குறதுக்கு ஹோட்டலா, தனி ஃப்ளாட்டா, இல்ல இங்கயிருந்தே ஆன்லைன்ல வாடகை வீடு பேசி அட்வான்ஸ் போட்டுடலாமான்னு. பதில் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்கமா.

கடைசியா கேட்டதுக்கு முதல்ல சொல்லிடறேன். போடாதீங்க. நீங்களோ உங்களுக்கு நல்லா தெரிஞ்சவங்களோ நேர்ல போய் பாக்காத வீட்டுக்கு ஒரு பைசா அனுப்பாதீங்க. ஓனர் வெளியூர்ல இருக்கார், சாவிய கூரியர்ல அனுப்புவார், இன்னும் நாலு பேர் கேட்டுட்டு இருக்காங்க, இன்னைக்கே டெபாசிட் போட்டா வீடு உங்களுக்குத்தான்னு மெசேஜ் வரும், ஃபோட்டோல வீடு அவ்ளோ அழகா இருக்கும். இடம் கிடைக்கணுமேன்னு நாம தவிக்கிற தவிப்பு அவங்களுக்கு நல்லா தெரியும்மா.

அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது, முதல் ரெண்டு மூணு வாரம் ஒரு குடும்பம் நடத்துற பி அண்ட் பில இறங்குங்க. பி அண்ட் பின்னா பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட், தங்குறதுக்கு ரூமும் காலைச் சாப்பாடும் சேர்ந்தது, ஓனர் அதே வீட்டுலயோ பக்கத்துலயோ இருப்பாங்க. ஆன்லைன்ல வீடு, ரூம் வாடகைக்கு புக் பண்ற ஏர்பிஎன்பி தளத்தோட பேர்ல இருக்கிற பிஎன்பி இதுதான், ஆனா அதுல இப்ப நிறைய இடத்துல ஓனர் முகத்தையே பாக்க முடியாது, கதவுல நம்பர் பூட்டு, நம்பர் மெசேஜ்ல வரும், அதோட சரி. புது நாட்டுல வந்து இறங்கின அன்னைக்கு நமக்கு சந்தேகம் கேக்க ஒரு ஆள் வேணும், அதுக்காகத்தான் பி அண்ட் பின்னு சொல்றேன்.

நாங்க வந்தப்போ இருபது நாள் அப்படித்தான் தங்கினோம். வயசான கணவன் மனைவி, மேல மூணு ரூம் வாடகைக்கு விட்டிருந்தாங்க. நாலாவது நாள் நாங்க ஒரு வீட்ட பார்த்துட்டு வந்து ரொம்ப பிடிச்சிருக்கு, நாளைக்கே கையெழுத்து போடப்போறோம்னு அந்தம்மாகிட்ட சொன்னோம். எந்த தெருன்னு கேட்டாங்க, சொன்னோம், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தடவை போய் அங்க நின்னு பாருங்களேன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. என் வீட்டுக்காரர் போய் நின்னார், வீட்டுக்குப் பின்னாடியே சரக்கு ரயில் பாதை, பகல்ல ஒண்ணும் ஓடல, ராத்திரி ஒண்ணு மாத்தி ஒண்ணு போயிட்டே இருந்திருக்கு, ஜன்னல் எல்லாம் அதிருதுன்னு வந்து சொன்னார். அந்த வீடு வேண்டாம்னு விட்டுட்டோம். எந்த இணையதளத்துல தேடினாலும் இது எங்களுக்கு தெரிஞ்சிருக்காது. பஸ் கார்டு எங்க வாங்கணும், குப்பை எந்த நாள் எந்த தொட்டில போடணும், எந்த டாக்டர் புது ஆளுங்கள சேர்த்துக்கிறார்னு எல்லாமே காலைல சாப்பிடற நேரத்துல அவங்ககிட்ட கேட்டு கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம், இன்னைக்கும் அவங்கள நினைச்சா மனசு நிறைஞ்சிருக்கு.

ஆனா ஒரு விஷயத்துல கவனமா இருங்க, அட்ரஸ். நிறைய நாட்டுல அட்ரஸ் இல்லாம வரிக்கும் வேலைக்கும் கேக்குற அரசாங்க நம்பர் இல்ல, நம்பர் இல்லாம சம்பளத்துல சிக்கல், பேங்க் அக்கவுண்ட்ல சிக்கல். பி அண்ட் பி அட்ரஸ எல்லா இடத்துலயும் ஏத்துக்க மாட்டாங்க. ஜெர்மனிய எடுத்துக்கோங்க, வீட்டுக்கு குடிவந்த ரெண்டு வாரத்துக்குள்ள அன்மெல்டுங்னு பதிவு பண்ணணும், அதுக்கு இவங்க இங்க குடிவந்துட்டாங்கன்னு வீடு குடுத்தவர் எழுதித் தர பேப்பர் வேணும், 2015 நவம்பர்லருந்து அது கட்டாயம். ஹோட்டல், பி அண்ட் பி மாதிரி இடத்துல தங்குறவங்களுக்கு, ஜெர்மனில வேற வீட்டுல பதிவு இல்லாத பட்சத்துல, 3 மாசம் தாண்டினாத்தான் பதிவு கட்டாயம், அதனால நிறைய ஓனர்ங்க அந்த பேப்பர் தர மாட்டோம்னுடுவாங்க, அவங்கமேல கோபப்படறதுக்கு ஒண்ணும் இல்ல. பதிவு ஆனப்புறம்தான் டாக்ஸ் ஐடி வரும், அதுவும் தபால்ல வரும், தபால் பெட்டில உங்க பேர் இல்லன்னா திரும்பிப் போயிடும். நெதர்லாந்துல 4 மாசத்துக்கு மேல இருக்கப்போறவங்க வந்து 5 நாளுக்குள்ள முனிசிபாலிட்டில பதிவு பண்ணணும், வேலைக்கும் வரிக்கும் கேக்குற பிஎஸ்என் நம்பர் அந்த பதிவுல கிடைக்கிறதுதான். அயர்லாந்துல அதே மாதிரி இருக்கிற பிபிஎஸ் நம்பருக்கும் அட்ரஸ் ப்ரூஃப் கேப்பாங்க. ஆஸ்திரேலியால டாக்ஸ் ஃபைல் நம்பர் தபால்ல வர 28 நாள் வரைக்கும் ஆகலாம், அதுக்குள்ள நீங்க பி அண்ட் பிய காலி பண்ணிட்டு போயிருப்பீங்க.

அதனால ரூம் புக் பண்றதுக்கு முன்னாடியே ஓனருக்கு ஒரு மெயில் போடுங்க. நாங்க குடும்பமா குடிவர்றோம், இந்த தேதிலருந்து இந்த தேதி வரைக்கும் இங்க தங்குறோம்னு ஒரு லெட்டர் தர முடியுமா, எங்க பேர்ல தபால் வந்தா வாங்கி வெப்பீங்களா, நாங்க போனப்புறம் வந்தாலும் ஒரு மாசம் எடுத்து வெப்பீங்களான்னு நேரடியா கேளுங்க. முடியும்னு சொல்றவங்ககிட்டயே புக் பண்ணுங்க, அந்த பதில ப்ரிண்ட் எடுத்து வெச்சுக்கோங்க. லெட்டர் கையில இருந்தாலும் நீங்க பதிவு பண்ற ஆஃபீஸ்ல ஏத்துப்பாங்களான்னு அவங்க தளத்துலயே பார்த்துக்கணும். வீட்டுக்காரரோட ஹெச்ஆர்கிட்ட, நிரந்தர அட்ரஸ் வர்றதுக்கு முன்னாடி முதல் மாச சம்பளம் எப்படி போடுவீங்கன்னு இப்பவே கேட்டுடுங்க, அங்க போய் கேட்டா லேட்டு.

ஓனர் பாஸ்போர்ட் கேட்டா பயப்படாதீங்க, நிறைய நாட்டுல அது சட்டம். பிரிட்டன்ல தங்குறவங்கள்ல 16 வயசு ஆன எல்லாரோட பேரும் நாட்டோட பேரும் எழுதி 12 மாசம் வெச்சிருக்கணும்னு 1972லருந்தே இருக்கு. இத்தாலில 24 மணி நேரத்துக்குள்ள போலீஸுக்கு தகவல் அனுப்பணும். பார்த்து எழுதிக்கட்டும், ஆனா பாஸ்போர்ட்ட அவங்ககிட்ட விட்டுட்டு வராதீங்க.

குழந்தையோட போறதால இதையும் கேளுங்க. சில பி அண்ட் பில சின்னக் குழந்தைங்கள எடுத்துக்க மாட்டாங்க, வயசு சொல்லியே கேளுங்க. நிறைய பழைய வீடுங்க, லிஃப்ட் இருக்காது, 23 கிலோ பெட்டி நாலு தூக்கிக்கிட்டு மூணாவது மாடி ஏற முடியாது, கீழ ரூம் இருக்கான்னு கேளுங்க. பாத்ரூம் ரூமுக்குள்ளயா பொதுவா? கிச்சன்ல குழந்தைக்கு பால் சுட வைக்க விடுவாங்களா, ஃப்ரிட்ஜ்ல ஒரு தட்டு தருவாங்களா, துணி துவைக்க வழி என்ன? இது எல்லாத்தையும்விட முக்கியம் செக் இன் நேரம், அது அவங்க குடியிருக்கிற வீடு, ராத்திரி முழுக்க ஆள் உக்காந்திருக்க மாட்டாங்க, சில இடத்துல சாயங்காலத்துல ஒரு மூணு நாலு மணி நேரத்துக்குள்ளதான் வந்து சேரச் சொல்வாங்க. ஃப்ளைட் நள்ளிரவுல இறங்குதுன்னா முன்கூட்டியே சொல்லுங்க, முடியாதுன்னா முதல் ராத்திரி மட்டும் ஏர்போர்ட் பக்கம் ஹோட்டல் எடுத்துடுங்க.

எத்தனை நாள் புக் பண்றதுன்னா, ரெண்டு வாரம் எடுங்க, மூணாவது வாரம் தேவைப்பட்டா அதே ரூம் கிடைக்குமான்னு கேட்டு வைங்க. வாரக்கணக்குல தங்குனா வாடகை குறைப்பீங்களான்னு கேக்குறதுல தப்பே இல்ல, சீசன் இல்லாத மாசம்னா ஒத்துக்கிறவங்க நிறைய. கேன்சல் பண்ணா பணம் திரும்ப வருமா, ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு டூரிஸ்ட் டாக்ஸ் தனியா உண்டான்னும் பார்த்துக்கோங்க.

போன முதல் ரெண்டு நாள் வீடு பாக்க ஓடாதீங்கமா, தூக்கம் மாறி குழந்தை நடுராத்திரி விளையாடும், உங்களுக்கே பகல்ல கண்ணு சொக்கும். மூணாவது நாள்லருந்து பாருங்க. பிடிச்ச வீட்ட பகல்ல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. டெபாசிட் குடுக்குறதுக்கு முன்னாடி அந்த நாட்டு விதி என்னன்னு தெரிஞ்சுக்கோங்க, இங்கிலாந்துல வருஷ வாடகை 50,000 பவுண்டுக்கு கீழன்னா 5 வார வாடகைக்கு மேல டெபாசிட் வாங்கக்கூடாது, வாங்கினத 30 நாளுக்குள்ள அரசாங்கம் ஒத்துக்கிட்ட பாதுகாப்பு திட்டத்துல போடணும். அக்ரிமெண்ட் புரியலன்னா காலைல பி அண்ட் பி ஓனர்கிட்டயே காட்டி கேளுங்க, தப்பா நினைக்க மாட்டாங்க, எங்க அந்தம்மா மூக்குக்கண்ணாடிய போட்டுக்கிட்டு வரி வரியா படிச்சு சொன்னாங்க.

நீங்க எந்த நாடு, எந்த தேதில கிளம்புறீங்கன்னு சொல்லுங்கமா, ஓனருக்கு அனுப்ப வேண்டிய மெயில நானே உங்களுக்கு எழுதித் தரேன்.